பழைய டிராஃப்டைத் தூக்கிப் போடாதீர்கள்: கல்லூரியில் உங்கள் எழுத்து வளர்ந்ததை எழுதிக் காட்டுவது எப்படி

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்தி வரும். "அக்கா, ரிஃப்ளெக்ஷன் எஸ்ஸே ஒன்னு கேட்டிருக்காங்க, இந்த செமஸ்டர்ல ஒரு ரைட்டரா நீங்க எப்படி வளர்ந்தீங்கன்னு, 1000 வார்த்தை, நாளைக்கு ராத்திரி 11.59-க்குள்ள அனுப்பணும். என்னக்கா எழுதுறது?" கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை பார்த்துக் கொடுக்கிறேன், பல வருடமாக. ஆய்வுக் கட்டுரைக்குத் திணறாத பிள்ளைகள்கூட இந்த ஒன்றுக்குத் திணறுகிறார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதை விட்டுவிட்டு மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் சிக்கல் அந்த 'ரைட்டர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் எழுத்தாளர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது புத்தகம் போட்டவர், மேடையில் பொன்னாடை வாங்கியவர். "நான் எழுத்தாளரே இல்லையேக்கா, அப்புறம் எப்படி வளர்றது?" என்று ஒரு தம்பி உண்மையிலேயே கேட்டான். அந்தக் கேள்வித்தாளில் ரைட்டர் என்றால் எழுதுகிற ஆள், அவ்வளவுதான். லேப் ரிப்போர்ட் எழுதினாலும், வணிகக் கடிதம் எழுதினாலும், இரண்டு பக்க சோசியாலஜி கட்டுரை எழுதினாலும் நீங்கள்தான் அந்த ஆள். இலக்கியம் பற்றி யாரும் கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. எல்லாரும் எழுதி அனுப்புவது இப்படி இருக்கும்:

"செமஸ்டரின் தொடக்கத்தில் எனக்குச் சரியாக எழுதத் தெரியாது. விரிவுரையாளரின் சிறந்த வழிகாட்டுதலாலும் நண்பர்களின் ஒத்துழைப்பாலும் இப்போது தன்னம்பிக்கையுடன் எழுதுகிறேன். இனிமேலும் என் எழுத்துத் திறனை வளர்த்துக்கொள்வேன்."

இது கட்டுரை இல்லை, கோயில் திருவிழா முடிவில் வாசிக்கிற நன்றியுரை. இதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது, ஏனென்றால் இதில் எதுவுமே நடக்கவில்லை. உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து சீட் பையன் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது. நான் வைக்கிற முதல் சோதனை இதுதான். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியம் எதுவாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். 1000 வார்த்தையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் சில சமயம் அழுகை வரும்.

பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதுவதால்தான் இப்படி ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன்னால் எப்படி எழுதினோம் என்று நினைவைக் கேட்டால் அது சும்மா "மோசமா எழுதினே, இப்போ பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, எழுத்தும் அப்படித்தான். கண்ணாடி வேண்டும். உங்கள் பழைய டிராஃப்டுகள்தான் கண்ணாடி.

முதலில் தோண்டி எடுங்கள்

"எங்கிட்ட பழைய டிராஃப்ட் எதுவுமே இல்ல" என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ஃபைல் மெனுவுக்குள் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும், திறந்து பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு எதை எழுதினீர்கள், எதை அழித்தீர்கள் என்று நிறம் போட்டுக் காட்டும். ராத்திரி 2 மணிக்கு ஒரு பத்தியை முழுசாக அழித்துவிட்டு 2.20-க்குத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டியதெல்லாம் அதில் தெரியும். எனக்கு அது பிள்ளைகளின் கைரேகையைப் பார்ப்பது போல. வேர்டில் எழுதுபவர்கள் இரண்டு கோப்புகளை ரிவியூ பகுதியில் இருக்கும் கம்பேர் வைத்து ஒப்பிடலாம். அதுவும் இல்லை என்றால் விரிவுரையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், குரூப் அசைன்மெண்டுக்காக வாட்ஸ்அப்பில் போட்ட கோப்பு, டர்னிடினில் (ஒத்த எழுத்தைக் கண்டுபிடிக்கும் தளம்) ஏற்றியது, விரிவுரையாளர் சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்த தாள், எல்லாவற்றையும் தேடுங்கள்.

எல்லாவற்றையும் தேடச் சொன்னேனே தவிர, எல்லாவற்றையும் பற்றி எழுதச் சொல்லவில்லை. இரண்டு போதும். செமஸ்டர் தொடக்கத்தில் எழுதியது ஒன்று, கடைசியில் எழுதியது ஒன்று, முடிந்தவரை ஒரே வகையாக இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரையையும் மின்னஞ்சலையும் ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது.

சரி, உண்மையிலேயே ஒன்றுமே இல்லையா? லேப்டாப் செத்துப்போச்சா? ஒரு வழி இருக்கிறது. முதல் வாரத்தில் எழுதிய கட்டுரையின் தலைப்பு மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். 20 நிமிடம் கடிகாரம் வைத்து அந்தத் தலைப்புக்கு இன்றைக்கு ஒரு தொடக்கப் பத்தி எழுதுங்கள். எழுதும்போது எங்கே கை நின்றது, அன்றைக்கு யோசிக்காமல் போட்டிருக்கக்கூடிய எந்த வாக்கியத்தை இன்றைக்குப் போடக் கூசியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூச்சமும் ஒரு சான்றுதான்.

படிக்கும்போது பிழை திருத்தாதீர்கள்

இது கஷ்டம். பழைய கட்டுரையைத் திறந்ததும் கை தானாக எழுத்துப்பிழையைத் தேடும். விடுங்கள். 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 கல்லூரி மாணவர்களையும் 20 அனுபவப்பட்ட எழுத்துக்காரர்களையும் ஒரே வேலையைச் செய்யச் சொன்னார். ஆளுக்கு மூன்று கட்டுரை எழுதி ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தி எழுத வேண்டும். மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னும் நல்ல சொல்லைப் போடுவது, ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் ஒன்றை மாற்றுவது. அனுபவப்பட்டவர்களோ, நான் சொல்ல வந்தது என்ன, அதற்கு உருவம் கிடைத்துவிட்டதா, படிக்கிறவருக்கு இது எப்படிப் படும் என்று பார்த்தார்கள். அதற்காகப் பத்திகளைத் தூக்கி எறியவும் தயங்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் என் கூடத்தில் நான் பார்ப்பது அதேதான். ஆகவே உங்களிடம் நீங்களே தேட வேண்டியது, சொல்லை மாற்றும் ஆளாக இருந்த நீங்கள் எப்போது கருத்தை மாற்றும் ஆளாக ஆனீர்கள் என்பதை.

அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வேலை சுலபமானது. இரண்டு கட்டுரையையும் அச்சடித்துக்கொள்ளுங்கள் (திரையில் வேண்டாம், திரையில் நாம் படிப்பதில்லை, தள்ளிக்கொண்டே போகிறோம்). ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், இந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று ஐந்தாறு சொல்லில் தமிழிலேயே எழுதுங்கள். கட்டுரை ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கலாம், குறிப்பு தமிழில் இருக்கட்டும், அப்போதுதான் கட்டுரையின் சொற்களையே திருப்பி எழுதித் தப்பிக்க முடியாது. பழைய கட்டுரையில் "மறுபடியும் அதே", "ஏதோ ஒரு புள்ளிவிவரம்", "தெரியல, சும்மா இருக்கு" என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், எழுதுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது.

அடுத்து மூன்று நிறப் பென்சில். உங்கள் சொந்தக் கருத்து ஒரு நிறம், புத்தகத்திலிருந்தோ கட்டுரையிலிருந்தோ எடுத்தது இன்னொரு நிறம், யாருடையதும் இல்லாத வாக்கியம் மூன்றாவது நிறம். இந்த மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும்.

யாருடையதும் இல்லாத வாக்கியங்கள்

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம், ஏனென்றால் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியங்கள் மூன்று மொழியில் வருகின்றன. தமிழ்ப்பள்ளியில் "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கக் கற்றோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் "பாடா எரா குளோபலிசாசி இனி" (இந்த உலகமயக் காலத்தில்). கல்லூரிக்கு முன்னால் முவெட் (பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) டியூஷனில் "நௌவடேஸ்", முடிக்கும்போது "இன் எ நட்ஷெல்". தமிழ்க் கட்டுரையை "சிறு துளி பெருவெள்ளம்" என்று முடித்த அதே பெண் மலாய்க் கட்டுரையை "செடிகிட்-செடிகிட், லாமா-லாமா ஜாடி புக்கிட்" என்று முடிப்பாள். அங்கே வெள்ளம், இங்கே குன்று, நடுவில் அவள் சொல்ல வந்தது என்ன என்பது மட்டும் காணாமல் போயிருக்கும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நான் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் அரசுத் தேர்வு) எழுதிய காலத்தில் மலாய்க் கட்டுரை 350 சொல்லுக்கு மேல் இருக்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மனப்பாட வாக்கியம்தான் கையைப் பிடித்துக் கரையேற்றும். நானே தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதவில்லை என்று பெராலிஹான் என்ற புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து வந்தவள். அந்த ஒரு வருடத்தில் நோட்டுப் புத்தகம் நிறைய பெரிபஹாசா (மலாய்ப் பழமொழி) எழுதி வைத்து, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். எஸ்.பி.எம்.மில் அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் கல்லூரியில் என் முதல் ஆங்கிலக் கட்டுரை திரும்பி வந்தபோது முதல் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலில் இரண்டே சொல் இருந்தது: "ஸோ வாட்?" எனக்கு அவமானமாக இருந்தது. மொழி சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பத்தியில் இன்னும் நாலு பெரிய சொல்லைச் சேர்த்து மறுபடி கொடுத்தேன். மறுபடியும் "ஸோ வாட்?" அந்தக் கேள்வி மொழியைப் பற்றியது இல்லை, நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்பதைப் பற்றியது என்று புரிய எனக்கு அந்த செமஸ்டர் போதவில்லை, அடுத்ததும் கொஞ்சம் ஆனது.

இப்போது என்னிடம் வந்த ஒரு தம்பியின் கட்டுரையைப் பாருங்கள். அவனிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். தலைப்பு, கோலாலம்பூரில் பொதுப் போக்குவரத்து. ஆங்கிலத்தில் எழுதினான், நான் தமிழில் சொல்கிறேன். முதல் டிராஃப்டின் தொடக்கம்:

"இன்றைய நவீன உலகில் பொதுப் போக்குவரத்து மனித வாழ்க்கையில் மிக முக்கியமான பங்கை வகிக்கிறது."

மூன்றாவது டிராஃப்டின் தொடக்கம்:

"செந்தூல் தீமூருக்கு எல்ஆர்டி 1998-லேயே வந்துவிட்டது, ஆனால் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இருக்கிற கடைசி ஒரு கிலோமீட்டருக்கு நான் இன்னும் அப்பாவின் மோட்டார் சைக்கிளைத்தான் நம்பியிருக்கிறேன்."

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு வருடம் இருக்கிறது, ஒரு ஆள் இருக்கிறான், முக்கியமாக ஒரு முரண் இருக்கிறது. ரயில் வந்தும் மோட்டார் சைக்கிள் ஏன்? கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடுகிறது. அவன் ரிஃப்ளெக்ஷன் எஸ்ஸேக்கு இந்த இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதிலிருந்து அதற்கு எப்படி வந்தேன் என்றுதான் 1000 வார்த்தையும் எழுதினான்.

ஒன்றை மட்டும் எடுங்கள்

எல்லாத் திறமையும் வளர்ந்தது என்று பட்டியல் போடாதீர்கள். இலக்கணம் வளர்ந்தது, சொல்வளம் வளர்ந்தது, ஆய்வுத் திறன் வளர்ந்தது, நேர நிர்வாகம் வளர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினால் அது ரிப்போர்ட் கார்டு. ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து, அது தொடங்கிய இடம், தடுமாறிய இடம், இப்போது நிற்கிற இடம் என்று பின்தொடருங்கள். இரண்டாவதாக ஒன்று கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் சின்னதாக ஒரு பத்தி.

எடுத்த மாற்றத்துக்கு நாலு விஷயம் எழுத வேண்டும். பழைய வரி அப்படியே மேற்கோளாக. புதிய வரி அப்படியே. நடுவில் என்ன நடந்தது: யார் என்ன சொன்னார்கள், எந்தக் குறிப்பு உறைத்தது, எந்தக் கட்டுரையைப் படித்தபோது "ஓ, இப்படியும் எழுதலாமா" என்று தோன்றியது. அப்புறம், இன்னும் எங்கே வழுக்குகிறது. இந்த நாலாவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் படிக்கிறவர் உங்களை நம்புவது அங்கேதான்.

தம்பியின் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி, கிட்டத்தட்ட அவன் சொன்ன மாதிரியே:

"முதல் டிராஃப்டை எழுதும்போது நான் யாருக்கும் எழுதவில்லை, மார்க்குக்கு எழுதினேன். வகுப்பில் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்தபோது என் பக்கத்தில் இருந்த மாணவி, கிளந்தானிலிருந்து வந்தவர், 'நீ எல்ஆர்டியில்தானே வருகிறாய், அதைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை?' என்று கேட்டார். என் சொந்த அனுபவம் கட்டுரைக்குத் தகுதியில்லாதது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்றாவது டிராஃப்டில் அதைச் சேர்த்தேன். ஆனால் நடுப் பகுதியில் இன்னும் பழைய பழக்கம் இருக்கிறது. நான்காவது பத்தியில் புள்ளிவிவரத்தை வைத்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டேன்."

ஆடம்பரமான சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். ஆனால் இந்தப் பத்தியை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

இலக்கணம் பற்றி எழுதக் கூடாதா என்றால், எழுதலாம், காட்ட முடிந்தால். "மை கிராமர் இம்ப்ரூவ்ட்" என்று சொல்லும் வாக்கியத்திலேயே ஒரு பிழை இருந்தால் சங்கடம். எனக்கு இதில் ஒரு கணிப்பு உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கடைசியாக வருவது 'தி'-யும் 'எ'-யும். தமிழில் அப்படி ஒன்று இல்லை, மலாயிலும் இல்லை, ஆக வீட்டு மொழியும் பள்ளி மொழியும் கைவிட்ட இடம் அது. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது, அதனால் இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாயில் எழுதிவிட்டு வருகிறவனுக்கு ஆங்கிலத்தில் இறந்தகாலம் நழுவும். இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வரும், காரணத்தையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் முடிவைச் சொல்வோம். அந்தப் பழக்கம் பத்திக்கும் வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற கட்டுரைகளில் பத்தியின் முக்கியமான கருத்து அடிக்கடி கடைசி வரியில்தான் இருக்கிறது, கல்லூரி ஆங்கிலமோ அதை முதல் வரியில் கேட்கிறது. அந்தக் கடைசி வரியை மேலே தூக்கிப் போட்டுப் பாருங்கள், பாதிக் கட்டுரை சரியாகிவிடும். இப்படி உங்கள் மூன்று மொழிக்கு நடுவில் என்ன இழுபறி நடக்கிறது என்று கவனித்து எழுதினால் அது நல்ல ரிஃப்ளெக்ஷன். "என் ஆங்கிலம் பலவீனமானது" என்று தலையில் அடித்துக்கொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை.

வளரவே இல்லை என்றால்?

கேட்பார்கள், மெதுவாக, வீட்டுக்குப் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே. "அக்கா, உண்மைய சொன்னா எனக்கு முதல் கட்டுரைக்கு ஏ, கடைசிக்கு பி. நான் எப்படி வளர்ந்தேன்னு எழுதுறது?"

எழுதலாம், இதுதான் எனக்குப் பிடித்த வகை. தெரிந்ததையே எழுதும்போது வாக்கியம் வழுவழுப்பாக வரும். கஷ்டமான விஷயத்தைத் தூக்கும்போது வாக்கியம் உடையும், பத்தி நீளும், இலக்கணம்கூடப் பின்னால் போகும். முதல் கட்டுரையில் நீங்கள் பத்திரமான தலைப்பு எடுத்தீர்களா, கடைசியில் கைக்கு அடங்காத ஒன்றை எடுத்தீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த பி-யைப் பற்றி எழுதுங்கள். எந்தப் பத்தியில் கை நழுவியது, ஏன், மறுபடி எழுத விட்டால் எதைச் சுருக்குவீர்கள். விரிவுரையாளரிடம் மார்க் குறைந்ததைச் சொல்லலாமா என்று பயப்படாதீர்கள், அந்த மார்க்கைப் போட்டவரே அவர்தான்.

உண்மையிலேயே சோம்பேறித்தனத்தால்தான் குறைந்தது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு வரிதான். அதற்கு மேல் போனால் வாசிக்கிறவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும்.

சில்லறை விஷயங்கள்

சில விரிவுரையாளர்கள் கிப்ஸ் முறையில் எழுதச் சொல்வார்கள். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வைத்த ஆறு படிகள்: நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, அதிலிருந்து என்ன தெரிந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். நல்ல முறைதான், நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆபத்து என்னவென்றால் ஆறு படிக்கும் சமமாக இடம் கொடுப்பது, அல்லது முதல் படியிலேயே பாதிக் கட்டுரையைத் தின்றுவிடுவது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், 'ஏன் அப்படி' என்ற நாலாவது படியில் தங்குங்கள். மார்க் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் அட்டவணையை, எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். (ரூப்ரிக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அனுப்பும்போதாவது கூடச் சேர்த்து அனுப்புங்கள்.)

'நான்' என்று எழுதலாமா? எழுத வேண்டும். பள்ளியில் கட்டுரைக்குள் நான் வரக் கூடாது என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள், இங்கே நான் இல்லாமல் கட்டுரையே இல்லை. "மாணவர்கள் தங்கள் எழுத்தைத் திருத்த வேண்டும்" என்று எழுதினால் யார் அந்த மாணவர்கள்?

விரிவுரையாளருக்கு நன்றி சொல்லும் பத்தி வேண்டாம். அவர் சொன்ன ஒரு குறிப்பை மேற்கோள் காட்டி, அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று காட்டினாலே அது நன்றிதான். ஒருவேளை அவர் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை, வேறு மாதிரி செய்தீர்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், காரணத்தோடு, மரியாதையாக. எது தனக்குச் சரி என்று யோசித்து முடிவெடுக்கிற ஆளாகிவிட்டீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பழைய கட்டுரையிலிருந்து வரிகளை எடுத்துப் போடும்போது டர்னிடின் அதை ஒத்த பகுதி என்று நிறம் போட்டுக் காட்டலாம், பழையதும் அங்கே சேமிக்கப்பட்டிருந்தால். மேற்கோள் குறிக்குள் போட்டு, எந்தக் கட்டுரையின் எத்தனையாவது டிராஃப்ட் என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். வேறு வேலைக்கு எப்படியோ, இந்தக் கட்டுரைக்கு அது உதவாது. உங்கள் ராத்திரி 2 மணி அதற்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள், மேலே நான் காட்டிய நன்றியுரை மாதிரிதான் பெரும்பாலும் வரும், இன்னும் கொஞ்சம் மினுமினுப்பாக. செமஸ்டர் முழுக்க அதை வைத்தே எழுதியிருந்தால் இப்போது ஒப்பிட டிராஃப்டே இருக்காது, அந்தக் கஷ்டம் வேறு.

நாளை ராத்திரி 11.59 என்றால்

எல்லாரும் கடைசியில் இங்கேதான் வருவீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி எழுத வேண்டாம். பழைய கோப்புகளைத் தேடி, இரண்டை அச்சடித்து, பத்திக்குப் பக்கத்தில் குறிப்பு மட்டும் எழுதிவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு மாமாக் கடைக்குப் போங்கள், லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு. ஒரு தே தாரிக் ஆறுகிற நேரத்தில் உங்கள் எதிரில் இருக்கிற நண்பரிடம் வாயால் சொல்லுங்கள்: "முன்னாடி நான் இப்படி எழுதுவேன், இப்போ இப்படி எழுதுறேன், ஏன்னா..." அந்த 'ஏன்னா'வுக்கு அப்புறம் வருவதுதான் கட்டுரை. நண்பர் ரோட்டி சானாயிலிருந்து நிமிர்ந்து பார்த்து "எப்படி?" என்று கேட்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே உதாரணம் வேண்டும். அவர் போனை எடுத்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். அதற்கப்புறம் நூலகமோ வீடோ, எங்கேயாவது உட்கார்ந்து நடுப் பத்திகளை முதலில் எழுதுங்கள். தொடக்கத்தை ஆகக் கடைசியில் எழுதினால் "இன்றைய நவீன உலகில்" வராது. முடித்ததும் சத்தமாகப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள், 11 மணிக்கே ஏற்றிவிடுங்கள், 11.55-க்குக் கல்லூரி இணையதளம் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏற்றி முடித்த கையோடு அடுத்த செமஸ்டருக்கு ஒரு ஃபோல்டர் திறந்து வையுங்கள். ஒவ்வொரு டிராஃப்டையும் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் இதுதான்', 'ஃபைனல் சத்தியமா' என்ற பெயர்கள் மட்டும் வேண்டாம், எது முதலில் வந்தது என்று நாலு மாதம் கழித்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.